பரணில் ஏறிய டாக்டர் பட்டம்

எங்கள் இடையஞ்சாவடியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறாள். ஊசி போடத் தெரியாது. மருந்துச் சீட்டு எழுத மாட்டாள். பேரனுக்குக் காய்ச்சல் என்று ஒரு பாட்டி ராத்திரி வந்து கதவைத் தட்டிவிட்டு, "பின்ன இன்னா டாக்டரு நீ?" என்று முகத்தைத் தோளில் இடித்துக்கொண்டு போனதும் உண்டு. அவள் என் தங்கை மகள். பிஎச்.டி. பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரு பெண் குழந்தைக்கும் தாயாகி, பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். குழந்தைக்கு இப்போது நாலு வயது. இவளுக்கு முப்பத்தேழு.

இந்த மாதிரி டாக்டரம்மாக்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள், சகோதரிகளே! மருமகளாக, நாத்தனாராக, மாடி வீட்டில் குடியிருப்பவராக இருப்பார்கள். இதைப் படிக்கிற நீங்களேகூட இருக்கலாம். "படிச்சதெல்லாம் போச்சு, இனிமே யார் வேலை கொடுப்பாங்க?" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போகவில்லை. ஆனால் வழி கொஞ்சம் சுற்று வழி. நேரத்தில் கிளம்ப வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு இந்தச் சமாசாரமெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷமாக அவளோடு விண்ணப்பம் விண்ணப்பமாக உட்கார்ந்து, சான்றிதழுக்காகத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்று தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் பிறந்த வீடு மரக்காணம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெயில் ஏற ஏற, உப்பு கட்டும் சமயத்தில் பாத்தித் தண்ணீர் செம்பருத்திப்பூ கசக்கினாற்போல் சிவந்து வருவதைச் சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏன் என்று கேட்டதில்லை. இவள் கேட்டாள். உப்பு அதிகமான தண்ணீரில் மட்டுமே செழித்து வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும், ஒரு வகைப் பாசியும்தான் அந்த நிறத்துக்குக் காரணமாம். மற்ற ஜீவன் செத்துப்போகிற கைப்பு நீரில் இது மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அஞ்சு வருஷம் அதற்காக உழைத்தாள். அது பரணில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் என்ன படிப்பு?

"பள்ளிக்கூடம், காலேஜு, அதுக்கு மேல அஞ்சு வருஷம். இன்னமும் படிக்கணும்னா என்னா படிப்பு சம்பந்தி இது?" என்று அவள் மாமியார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

தையல் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கினவுடனே யாரும் கடை போட்டுவிடுவதில்லை. நல்ல கைக்காரரிடம் இரண்டு மூன்று வருஷம் இருந்து, ரவிக்கை வெட்டி, பெயர் எடுத்த பிறகுதான் சொந்த மிஷின். பிஎச்.டி. என்பது வகுப்பு முடித்த மாதிரி. அதற்கு மேல் ஒரு பெரிய பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சம்பளத்தோடு ஆராய்ச்சி செய்கிற காலத்துக்குத்தான் 'போஸ்ட் டாக்' என்று பெயர். படிப்பு அல்ல, வேலை. அதை முடித்தவர்களுக்குத்தான் அசிஸ்டன்ட் புரொபசர் வேலைக்கு மனுப் போடும்போது மதிப்பு கூடுகிறது. யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட விதிகளில், பல்கலைக்கழக நேர்முகத்துக்கு ஆள் வடிகட்டும்போது போஸ்ட் டாக் அல்லது கற்பித்தல் அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10 என்று வைத்திருக்கிறார்கள். பிரசுரமான ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் அதிகபட்சம் 10. ஆகவே, 'சும்மா ஒரு வருஷ வேலைதானே' என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அந்த ஒரு வருஷத்துக்கும் கணக்கு இருக்கிறது.

எங்களுக்குப் பக்கத்திலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு உண்டாக்கிய மத்தியப் பல்கலைக்கழகம். குயிலாப்பாளையம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய், மரக்காணம் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தால் வாசலிலேயே இறங்கலாம். முப்பது வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் நான் பிறந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். உள்ளே இருக்கிறவர்களெல்லாம் ஒன்று மாணவர், இல்லாவிட்டால் வாத்தியார் என்றுதான் எண்ணம். நடுவிலே இத்தனை படிகள் இருப்பது விளம்பரங்களைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். பத்துப் பெயரில் வேலை இருக்கும். சம்பளம் எவ்வளவு என்று ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். இது யார் கொடுக்கிற பணம், எத்தனை நாளைக்கு என்று முதலில் பாருங்கள்.

'ரிசர்ச் அசோசியேட்' என்று போட்டிருந்தால், ஏதோ ஒரு பேராசிரியருக்கு மத்திய அரசோ வேறு அமைப்போ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது, அந்தப் பணத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று அர்த்தம். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுக் கணக்குப்படி இதற்கு மூன்று படிகள்: 58,000, 61,000, 67,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. பஞ்சப்படி கிடையாது. ஓய்வூதியமும் கிடையாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. எங்கள் உப்பள வேலை மாதிரிதான். வெயில் இருக்கிற வரைக்கும் வாரலாம், ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி கரைந்து போகும். மழைக்கு முன்னாலேயே அரிசி வாங்கி வைக்கத் தெரிந்தவர்கள் இந்த வேலையில் பயப்பட வேண்டியதில்லை.

'கெஸ்ட் ஃபேகல்டி' என்றால் மணிக் கணக்குக்குப் பாடம் எடுப்பது. 2019-ல் யு.ஜி.சி. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000-க்கு மேல் போகாமல் என்று வழிகாட்டியது. எல்லா இடத்திலும் அப்படித்தான் கொடுக்கிறார்களா என்பதை விசாரித்துக்கொண்டு போங்கள். ஆராய்ச்சிக்கு இதில் நேரமே இருக்காது. கைக்குழந்தைக்காரிகளுக்கு நேரம் ஒத்துவரும் என்பது இதிலுள்ள ஒரு சௌகரியம்.

'அசிஸ்டன்ட் புரொபசர்' என்பதுதான் நிரந்தர வேலை. ஏழாவது ஊதியக்குழுவில் அடிப்படைச் சம்பளம் 57,700-ல் ஆரம்பிக்கிறது, அதற்கு மேல் படிகள் எல்லாம் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலைக்கு மேல் வயது வரம்பு பொதுவாகக் கிடையாது. ஓய்வு வயது 65. இதை நான் சொன்னபோது என் தங்கை மகள் நம்பவேயில்லை. முப்பத்தஞ்சு தாண்டினால் எல்லாம் முடிந்தது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். விளம்பரத்தை விரலால் தடவித் தடவிப் படித்துக் காட்டினேன்.

வயது வரம்பு இறுக்குவது நடுப்படியில்தான். தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகைக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு 5 வருஷம் சலுகை. யோசித்துப் பாருங்கள்! இருபத்தெட்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், பிரசவம், பால்குடி, பல் முளைப்பது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் நடக்கிறது. அதே ஏழு வருஷத்தில்தான் ஆராய்ச்சியாளராகவும் பேர் எடுக்க வேண்டுமாம். திட்டம் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போட்டதாக நான் சொல்லவில்லை. அவர்கள் மடியில் குழந்தையைக் கிடத்திக்கொண்டு யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவில் உள்ள பெரிய ஆராய்ச்சி நிதி ஒன்றில், பிஎச்.டி. முடித்து இத்தனை வருஷத்துக்குள் என்று கணக்கிடும்போது, தாய்மார்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு குழந்தை என்றால் மூன்று வருஷம். நம் பக்கத்து சலுகை, பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும் பெண் என்றால் அஞ்சு வருஷம். இரண்டில் எது மேல் என்று நானும் அவளும் ஒரு மத்தியானம் முழுக்க முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே சண்டை போட்டோம். எனக்கு நம் ஊர் முறைதான் பிடித்திருக்கிறது. மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவளுக்கும் அது உதவுமே.

முன்னே போனவர்கள்

கமலா சோஹோனியின் கதையை நம் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1933-ல் பம்பாயில் பட்டம் வாங்கிவிட்டு, பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மனுப் போட்டார். தலைமையில் இருந்தவர் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். பெண் என்பதால் இடம் இல்லை என்று விட்டார்! இந்த அம்மாள் விடவில்லை, நேரே போய் நின்றார். ஒரு வருஷம் சோதனைக் காலம் என்று நிபந்தனை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அவருடைய வேலையைப் பார்த்த பிறகு அங்கே பெண்களுக்குக் கதவு திறந்தது. பிறகு கேம்பிரிட்ஜ் போய் 1939-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். விஞ்ஞானத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளில் ஒருவர்.

இதில் நமக்கு நெருக்கமான விஷயம் அதற்கு மேல்தான் வருகிறது. அவர் நம் குன்னூரில் உள்ள சத்துணவு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். 1947-ல் கல்யாணமானது. கணவர் இருந்த பம்பாய்க்குப் போக வேண்டியிருந்ததால் குன்னூர் வேலையை விட்டார். எத்தனை வீட்டில் நடக்கிற கதை! ஆனால் அவர் வீட்டோடு நிற்கவில்லை. பம்பாயில் விஞ்ஞானக் கழகத்தில் புதிதாகத் தொடங்கிய உயிர்வேதியியல் பிரிவில் சேர்ந்தார். பிள்ளைகளையும் வளர்த்தார். பதநீரில் என்ன சத்து இருக்கிறது, அது ஏழைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எப்படி உதவும் என்று ஆராய்ந்து ஜனாதிபதி விருது வாங்கினார். எங்கள் ஊரில் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. பதநீர் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம்தான்.

வெளிநாட்டில் எல்லாம் சுலபம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2023-ல் மருத்துவத்துக்கு நோபல் பரிசு பெற்ற காட்டலின் கரிக்கோ ஹங்கேரி நாட்டுக்காரர். தகப்பனார் இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர். 1985-ல் அங்கே வேலை போய், அமெரிக்காவில் ஒரு போஸ்ட் டாக் வேலை கிடைத்துக் கணவரோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் கிளம்பினார். காரை விற்ற பணத்தைக் குழந்தையின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போனார்களாம். பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'ரிசர்ச் அசிஸ்டன்ட் புரொபசர்'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த ஊரில் ஆராய்ச்சிப் பேராசிரியர் என்றால் வெளியிலிருந்து ஆராய்ச்சிப் பணம் கொண்டு வந்தால்தான் நாற்காலி நிற்கும். இவருக்குப் பணம் வரவில்லை. 1995-ல் பதவியைக் குறைத்துவிட்டார்கள். குறைந்த பதவியிலேயே இருந்து, ட்ரூ வைஸ்மன் என்பவரோடு சேர்ந்து 2005-ல் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் கொரோனா காலத்தில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அஸ்திவாரம். (நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகை.) கரடி பொம்மையோடு போன அந்தக் குழந்தை வளர்ந்து படகுப் போட்டியில் அமெரிக்காவுக்காக 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்கிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

வீட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு

குடும்பத்துக்காக விட்டுப்போன விஞ்ஞானப் பெண்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று 2002-03-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு திட்டம் கொண்டு வந்தது. பின்னால் அதற்குக் 'கிரண்' என்று பெயர் வந்து, இப்போது 'வைஸ்-கிரண்' ஆகியிருக்கிறது. டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களும் மனுப் போடலாம். இதில், யாரோ ஒருவர் திட்டத்தில் உதவியாளாகச் சேருவது இல்லை. 'இன்னதை ஆராயப் போகிறேன்' என்று நீங்களே எழுத வேண்டும், பணமும் உங்கள் பெயரில் வரும். ஆனால் ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ, 'எங்கள் இடத்தில் வைத்துச் செய்யலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உயிரியல் பக்கம் படித்தவர்களுக்கு உயிர்த் தொழில்நுட்பத் துறையின் 'பயோ-கேர்' திட்டம் 2011-ல் வந்தது. ஆய்வுக்கூடத்துக்கே போக முடியாத நிலையில் உள்ளவர்களுக்குக் காப்புரிமை வேலையில் ஒரு வருஷப் பயிற்சியும் உண்டு. அதை முடித்துக் கம்ப்யூட்டரும் கையுமாக வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். எந்த வருஷம் எந்தத் திட்டத்துக்கு மனு வாங்குகிறார்கள் என்பதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைத்த நாளில் போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும்.

தமிழ், சரித்திரம், பொருளாதாரம் படித்தவர்கள் 'நமக்கு இல்லையா?' என்று கேட்பீர்கள். சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இருக்கிறது. தமிழாராய்ச்சிக்குச் சென்னையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்தவர்களுக்கு என்றைக்கும் மதிப்புத்தான்.

இனிமேல் காகிதச் சமாசாரம். இதில்தான் கெட்டிக்காரப் பெண்களும் கோட்டை விடுகிறார்கள்.

முதலாவது, இனிஷியல். ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் அப்பா இனிஷியலில் அச்சாகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஆபீஸில் கேட்பார்கள். நோட்டரி வக்கீலிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கல்யாணமாகாத பெண்ணை வைத்திருக்கும் அம்மாக்கள், சான்றிதழில் உள்ள பெயரை மாற்றாமலே விட்டுவிடுவது உத்தமம்.

இரண்டாவது, ஜாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் எம்.பி.சி. என்று எழுதிய சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் 'கிரீமி லேயர்' இல்லை என்று தாசில்தாரிடம் தனியாக வாங்க வேண்டும். தாலுக்கா ஆபீஸில் பாதிப்பேர் "வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கொண்டா" என்பார்கள். அந்தக் கிரீமி லேயர் கணக்கு பெற்றோரின் நிலையை வைத்துத்தான், கணவரின் சம்பளத்தை வைத்து அல்ல. இதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். நாங்கள் மூன்று தடவை அலைந்தோம்.

மூன்றாவது, ஆய்வேட்டின் நகல். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை 'சோத்கங்கா' என்ற இணையதளத்தில் எல்லோரும் படிக்கலாம். தன்னுடையது அதில் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இருந்தது! பரணில் இருந்தது காகிதம் மட்டும்தான்.

இடைவெளி வருஷங்களை மறைக்கவே கூடாது. 'குழந்தை வளர்ப்புக்காக இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை' என்று ஒரே வரியில் எழுதினால் போதும். மன்னிப்புக் கேட்கிற தொனியில் அரைப்பக்கம் எழுத வேண்டாம். வீட்டிலிருந்தபடியே பழைய வேலையை வைத்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் 'பணம் கட்டுங்கள், ஒரு வாரத்தில் அச்சிடுகிறோம்' என்று கடிதம் போடும் பத்திரிகைகள் பக்கம் போகாதீர்கள். அதில் வந்ததைச் சொன்னால் இருக்கிற மதிப்பும் போய்விடும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால், அது பல்கலைக்கழகமே இல்லை.

நேர்முகம்

வெளியூரில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். உள்ளே போனவளை உப்பு நீரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். மூன்றாவது கேள்வி, "குழந்தையை யாரும்மா பார்த்துப்பாங்க?" நாலாவது, "இரண்டாவதுக்குத் திட்டம் இருக்கா?" வெளியில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் கைக்குழந்தை இருந்ததாம். அவனிடம் அந்தக் கேள்வி இல்லை. இவள் தடுமாறி, "மாமியார் பார்த்துப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை வரவில்லை. அதனால்தான் வரவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பெரியம்மா, நான் படிச்சதை யாருமே கேக்கல" என்று அவள் அழுதது இருக்கிறதே, அதை நான் மறப்பதற்கில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசி ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டோம். "வீட்டு ஏற்பாடு முடிந்துவிட்டது சார். வேலையைப் பற்றிச் சொல்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்குப் போய்விட வேண்டும். கோபமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பழகச் சொன்னேன். அவள் பெண் பக்கத்தில் நின்று, "வீட்டு ஏற்பாடு முடிஞ்சிடுச்சு சார்" என்று கூடவே ஒப்பித்தது!

பதில் சொல்வது சுலபம். ஏற்பாடு நிஜமாகவே இருக்க வேண்டுமே? கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. அதற்கு மேல் இணை உணவோடு இரண்டு வயது வரையிலும், அதைத் தாண்டியும் தரலாம். வேலைக்குப் போனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிப் பாத்திரத்தில் வைத்தால், 25 டிகிரிச் சூட்டில் 4 மணி நேரம் வரைக்கும் கெடாது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு உதவாது, உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே 4 நாள் இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக் கூடாது. பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும்.

ஆய்வுக்கூடம் என்பது நம் அடுப்பங்கரை இல்லை. பார்மலின், குளோரோபார்ம், சாயங்கள் என்று பலதும் புழங்கும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ வழிகாட்டிப் பேராசிரியரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லி, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறவைக்கவே கூடாது. மத்திய அரசு உதவித்தொகையில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் அரசு விதிப்படி பிரசவ விடுப்பு உண்டு. 2017-ல் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்கினார்களே, அந்தத் திருத்தத்தில்தான் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் இருக்கிறது. சேரும்போதே கேளுங்கள். இன்னும் பிஎச்.டி. முடிக்காமல் இருப்பவர்களுக்கு, படிப்புக் காலம் முழுவதற்குமாக ஒரு தடவை 240 நாள் மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு யு.ஜி.சி. விதியிலேயே உண்டு. பல பெண்கள் அது தெரியாமலே படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைத்தோம் என்று கேட்பீர்களே? வாய்ப் பேச்சில் நடக்கவில்லை. ஒரு நோட்டில் எழுதிக் காட்டினோம். வரவு 58,000. பஸ், மத்தியானச் சாப்பாடு, குழந்தையைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவளுக்குச் சம்பளம். இதெல்லாம் போக மீதி. பல திட்டங்களில் பணம் மாதா மாதம் சரியாக வருவதில்லை என்று கூடப் படித்தவர்கள் எச்சரித்திருந்ததால், முதல் மூன்று மாதச் செலவுக்கு ஒரு சீட்டுப் பணம். அடுத்த பக்கத்தில், திட்டம் முடிந்த பிறகு வேலையில்லாமல் ஆறு மாதம் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதினோம். நல்லதை மட்டும் எழுதியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான், "ஆளு எதுக்கு? காசு குடுத்து அந்நியப் பொம்பளகிட்ட வுடணுமா? நான் இல்லையா?" என்றார். அந்தச் சம்பளத்தை மாமியார் பெயரிலேயே மாதா மாதம் தபால் ஆபீஸில் போட வேண்டும் என்று நான் சொன்னேன். முதலில் கோபம், அப்புறம் சரி என்றார். (பாட்டி பார்ப்பதும் வேலைதானே!)

விளம்பரங்களை எங்கே பார்ப்பது? 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வாரப் பத்திரிகையில் பார்க்கலாம். மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் வேலைகளுக்கு 2023-ல் யு.ஜி.சி. தொடங்கிய 'சியு-சயன்' இணையதளம் இருக்கிறது. திட்ட வேலைகள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில்தான் வரும். பல சமயம் பதினைந்து நாள்கூட அவகாசம் இருக்காது. 'இன்ன தேதி நேரில் வரவும், பிரயாணப் படி கிடையாது' என்று இரண்டு வரிதான். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அவள் குழந்தைக்குத் தலை பின்னுவாள், நான் செல்போனில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல், பேராசிரியர்களுக்கே நேரடியாகக் கடிதம் எழுதுவதும் உண்டு. பத்துக் கடிதத்துக்கு இரண்டு பதில் வந்தது. ஒருவர், "எங்களிடம் இப்போது நிதி இல்லை, நீங்களே பெண் விஞ்ஞானி திட்டத்துக்கு எழுதுங்கள், இடம் நான் தருகிறேன்" என்று எழுதினார்.

அந்தத் திட்டக் கடிதத்தை எழுத அவளுக்கு நாலு மாதம் ஆனது. பகலில் குழந்தை, ராத்திரி எழுத்து. போன மாதம் அனுப்பியாகிவிட்டது. முடிவு வர எத்தனை மாதமாகும் என்று சொல்ல முடியாது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு கல்லூரியில் வாரம் மூன்று நாள் கெஸ்ட் ஃபேகல்டியாகப் போகிறாள். வெள்ளிக்கிழமை விளம்பரம் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. நாற்பது முடிய அவளுக்கு இன்னும் இரண்டு வருஷமும் எட்டு மாதமும் இருக்கிறது.